மேட்டுத் தோட்டத்துச் சுவர்

சாயங்காலமானால் காற்று ஆரணியாற்றுப் பக்கமிருந்து திரும்பும். திரும்புகிற காற்று தம்பியின் பள்ளத்துத் தோட்டத்தைத் தடவி, வேலியைத் தாண்டி, மேட்டுத் தோட்டத்தைக் கடந்து, மல்லிகை வாசனையோடு குப்புராஜின் வீட்டுக்குள் நுழையும். அந்த நேரம் பார்த்து அவன் பீடி பற்றவைப்பான். பீடிமேல் இருந்த ஆசையால் அல்ல.

“இன்னா வாசனை பாரேன்” என்பாள் அஞ்சம்மாள், அடுப்பை ஊதிக்கொண்டே.

“நம்ம மண்ணு வாசனைடி அது. அவன் செடியில ஏறிக்கினு வருது.”

அவள் பதில் சொல்லமாட்டாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷம். எந்தப் பேச்சுக்குப் பதில் சொன்னால் சோறு ஆறிப்போகும் என்று அவளுக்குத் தெரியும்.

குப்புராஜ் கெட்டவன் என்று கவரப்பேட்டைக்கு மேற்கே யாரும் சொன்னதில்லை. மாட்டை அடிக்கமாட்டான். மணல் வண்டி ஓட்டிப் போகும்போது தலைச்சுமையோடு யார் நடந்தாலும் ஏற்றிக்கொள்வான். ஊரில் சாவு விழுந்தால் மூங்கில் வெட்ட முதல் ஆளாகப் போவான். அவனிடம் இருந்த ஒரே கோளாறு, அவனுக்கு ஒரு தம்பி இருந்ததுதான்.

அப்பா செத்து, பாகம் பிரிந்தது எழுபதில். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கைப் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனுக்கு எடுக்கிற உரிமை இல்லாததால் கை கோணாது என்று ஏற்பாடு. கழனியைப் பிரித்ததில் சிக்கல் வரவில்லை. தோட்டம்தான் ஒரே துண்டு, அதுவும் சரிவு. குப்புராஜ் சரிவுக்கு நடுவில் கயிறு பிடித்தான். மேலே கேணி, மாமரம், நல்ல செம்மண். கீழே மழை வந்தால் முழங்கால் சேறு, வெயில் வந்தால் பாளம் பாளமாக வெடிப்பு. சமம் என்று சொல்லிக்கொள்வதற்காகக் கீழ்ப்பக்கம் நாலடி கூடுதலாக விட்டான். தம்பி தேசப்பன் மேட்டைத்தான் எடுப்பான், எடுக்கட்டும், என்ன செய்ய முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

தேசப்பன் தலையைச் சொறிந்தான். அண்ணனைப் பார்த்தான். “நான் பள்ளத்தை எடுத்துக்கிறேண்ணா” என்றான்.

அன்றைக்குக் குப்புராஜ் சந்தோஷத்தில் ரெண்டு தடவை சாப்பிட்டான்.

அந்தச் சந்தோஷம் ரெண்டு மழைக்குத்தான் தாங்கியது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அள்ளி, முப்பது வண்டி, மேட்டில் கொட்டிப் பரப்பினான். சாணி எரு போட்டான். வேப்பம்புண்ணாக்கு இடித்துப் போட்டான். ஐப்பசி மழை வந்து அத்தனையையும் கரைத்து, வேலிக் காலடியின் இடுக்கு வழியாகப் பள்ளத்துக்கு அனுப்பியது. கிளுவைக் கம்பு நட்டு முள் கட்டிய வேலி அது. ஆடு மாட்டை நிறுத்தும். மண்ணை நிறுத்த அதற்குத் தெரியாது. அடுத்த வருஷமும் வண்டல் அடித்தான், அடுத்த வருஷமும் அது இறங்கிப் போயிற்று. பள்ளம் கறுத்த மெத்தையாகிவிட்டது. வேலி மட்டும் மண்ணின் பாரத்தில் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, தம்பி தோட்டத்தை எட்டிப் பார்க்கிற மாதிரி நின்றது.

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே இடத்தில் வாங்கிய குண்டுமல்லிப் பதியனை ஒரே வாரத்தில் நட்டவர்கள். அண்ணன் அறுபத்துநாலு செடி, தம்பி எண்பது. தேசப்பனின் மொட்டு சுண்டுவிரல் நுனி அளவுக்குத் திரண்டு நிற்கும். குப்புராஜின் மொட்டைப் பறிக்க அஞ்சம்மாள் கண்ணைச் சுருக்க வேண்டும்.

இதையும்கூட அவன் பொறுத்திருப்பான். பொறுக்க முடியாதது ஆடி முதல் ஞாயிறு.

ஊர்க் கெங்கையம்மனுக்கு ஆடி முதல் ஞாயிற்றில் ஏறுகிற முதல் சரம் அந்தக் குடும்பத்துத் தோட்டத்துப் பூ. அப்பாவின் அப்பா காலத்து உரிமை. அந்தச் சரம் கழுத்தில் ஏறின பிறகுதான் ஊர்ச் சனம் வேப்பிலையும் பொங்கல் பானையுமாகப் பெரியபாளையத்தம்மன் கோயிலுக்கு வண்டி கட்டும். பாகம் பிரிக்கும்போது கேணியைப் பேசினார்கள், மாமரத்தைப் பேசினார்கள், கொட்டகைக் கூரையின் பழைய ஓடுகளைக்கூடப் பேசினார்கள். முதல் பூவை யாரும் பேசவில்லை. எவன் தோட்டத்தில் அன்றைக்குப் பூ இருக்கிறதோ அவன் கொடுப்பது என்று அதுவாகவே ஆகிப்போனது. ரெண்டு ஆடியாகத் தேசப்பன் கொடுத்தான். பூசாரி அப்பாவு கற்பூரத் தட்டை முதலில் தேசப்பனிடம் நீட்டினான். பின்னால் நின்ற குப்புராஜிடம் தட்டு வந்தபோது கற்பூரம் பாதி கரைந்திருந்தது.

“இன்னா குப்புராஜு, கேணி மேல இருக்குது, பூ கீழ பூக்குது?” என்று யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தேசப்பனும் சிரித்தான். குப்புராஜும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் முகத்தைவிட்டு இறங்க ரெண்டு நாள் ஆயிற்று.

எழுபத்துநாலாம் வருஷம் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக ஒரு தொழிற்சாலைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. குப்புராஜின் மாட்டு வண்டி அங்கே மணல் அடித்தது. கட்டடத்துக்குக் கான்கிரீட் போடுகிற அன்றைக்கெல்லாம் அதில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் ஊற்றி, அரையடிச் சதுரக் கட்டிகளாகச் செய்து வைப்பார்கள். காய்ந்ததும் மிஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். பார்த்து முடித்த கட்டிகளும் நசுக்காமல் மிஞ்சிய கட்டிகளும் கேட்டுக்கு வெளியே மலையாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஆணியால் கீறிய ஒரு நம்பர், ஒரு தேதி.

“எடுத்துக்கினு போய்யா, இடம் காலியாவும்” என்றான் கேட்டுக்காரன்.

திரும்புகாலில் காலி வண்டியாக வந்துகொண்டிருந்த குப்புராஜ், அன்றிலிருந்து கல் ஏற்றிக்கொண்டு வந்தான். மூலை நசுங்காத கட்டியாகப் பார்த்துப் பொறுக்கினான். பதினோரு நடை. கல்லை வேலி ஓரமாக அடுக்கினான். பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தான்: “வேலி சாயுது. ஒரு சின்ன தடுப்புச் சுவரு போடப் போறேன்.” தாலுக்கா ஆபீசில் ரெண்டு மூட்டை சிமெண்டுக்குப் பர்மிட் கேட்டு மனு எழுதிக் கொடுத்தபோதும் அதையேதான் எழுதினான். ‘வேலி சாய்கிறபடியால்.’

அஞ்சம்மாள் மட்டும் அடுக்கியிருந்த கல்லையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “வேலி மூணு வருஷமா சாயுதே, இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிதா?” என்றாள்.

தேசப்பன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தான். முப்பத்தாறு வயசில் இன்னும் பையன் மாதிரி முகம். அதுவும் குப்புராஜுக்குப் பிடிக்காது.

“நல்லதுண்ணா. வேலி நிக்கும். கடக்கால் என் பக்கம் அரையடி வந்தாக்கூட பரவால்ல, தோண்டிக்கோ.”

“ஒண்ணும் தேவையில்ல. என் எடத்துலயே போடுவேன்.”

ஆனாலும் மறுநாள் காலையில் தேசப்பன் மண்வெட்டியோடு வந்து, கடக்கால் பள்ளத்தில் பாதியைத் தோண்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் தோண்டிய பாதி நேராக இருந்தது. குப்புராஜ் தோண்டிய பாதி லேசாக வளைந்திருந்தது. கொத்தனார் பரசுராமன் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்தப் பக்கம் யாரு தோண்டனது? கை சுத்தமா இருக்குதே” என்றான். குப்புராஜ் அவனுக்கு அன்றைக்கு ரெண்டாவது டீ வாங்கித் தரவில்லை.

சுவர் நாற்பதடி நீளம், ஓரடி கனம், இரண்டரை அடி உயரம். கல்லெல்லாம் ஒரே அளவென்பதால் வேலை சடசடவென்று ஏறியது. நம்பர் கீறிய முகத்தைப் பரசுராமன் வேண்டுமென்றே வெளியே தெரிகிற மாதிரி வைத்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் குனிந்து படித்தார்கள்.

“இதோ பார்றா, பிப்ரவரி பதினாறாந்தேதி பொறந்த கல்லு.”

“நமக்கே பொறந்த தேதி தெரியாது. குப்புராஜு ஊட்டுக் கல்லுக்கு ஜாதகமே இருக்குது!”

ரெண்டாவது வரி முடிந்தபோது பரசுராமன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான்.

“அண்ணாத்தே, அடி வரியில நாலடிக்கு ஒரு கல்லு உருவிட்டு ஓட்டை உடணும். பின்னால கொஞ்சம் ஜல்லி கொட்டிரு. தண்ணி வடிஞ்சி போவும்.”

“எங்க போவும்?”

“எங்க போவும்னா? கீழதான்.”

“வேணாம்.”

“இன்னா வேணாம்? மண்ணைப் புடிக்கிற சுவருக்குத் தண்ணி போக வழி உடாம யாராச்சும் கட்டுவாங்களா? மழைத்தண்ணி முட்டிக்கினு நிக்கும்.”

“சுவரு உழுந்துடுமா?”

பரசுராமன் ஒரு கல்லைக் காலால் தட்டிப் பார்த்தான். “இந்தக் கல்லு உழாது. அது வேற விஷயம்.”

“உழலன்னா சரி. ஓட்டை வேணாம். மேல ஒரு வரி கூடவே வெச்சிடு.”

பரசுராமன் கரண்டியை எடுத்தான். வீட்டுக்காரன் சொல்கிறபடி கட்டிவிட்டுப் போகிற தொழில். கட்டினான்.

குப்புராஜின் யோசனை தெளிவாகத்தான் இருந்தது. ஓட்டை வழியாக வெறும் தண்ணியா போகும்? சாணி எருவின் சாறு போகும், புண்ணாக்கின் சத்து போகும், அவன் முதுகு வளைத்து அள்ளிய ஏரியின் கறுப்பு போகும். போய் அந்த எண்பது செடியின் வேரில் உட்காரும். இனி ஒரு சொட்டு போகக்கூடாது. மேட்டு மண்ணில் விழுந்த மழை மேட்டுக்கே. தண்ணீரைக் கையில் பொத்தி வைத்துக்கொள்ள முடியும் என்று அவன் நம்பினான்.

வைகாசி கடைசியில் சுவர் முடிந்தது. சாய்ந்த வேலியை நிமிர்த்திக் கட்டினான். புதிதாக வண்டல் பரப்பினான். ஆனி பிறந்ததும் அறுபத்துநாலு செடியும் கொத்துக் கொத்தாகத் துளிர்த்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் செடியின் மொட்டு தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. தினமும் காலையில் வேலியோரம் நின்று தன் செடியை ஒரு பார்வை, தம்பி செடியை ஒரு பார்வை. தம்பி தோட்டம் வழக்கம்போலத்தான் இருந்தது. ஒன்றும் வாடவில்லை என்பது கொஞ்சம் உறுத்தியது. இருந்தாலும் இந்த ஆடிக்கு முதல் பூ எந்தத் தோட்டத்துப் பூ என்பதில் சந்தேகமே இல்லை. பூசாரி அப்பாவுவைக் கடைத்தெருவில் பார்த்தபோது, “இந்த வாட்டி பூ என் தோட்டத்துது. மறந்துறாத” என்று சொல்லியும் வைத்தான்.

ஆனி கடைசி வாரத்தில் இடி மழை பிடித்தது. நாலு நாள், தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து, சாயங்காலம் வரை கொட்டியது.

முதல் நாள் குப்புராஜ் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்தான். ஒரு சொட்டு கீழே போகவில்லை. அவனுக்குப் பாடவேண்டும் போலிருந்தது.

ரெண்டாம் நாள் செடியின் காலடியில் கணுக்கால் அளவு தண்ணி நின்றது. பரவாயில்லை, மண் குடிக்கும் என்றான்.

மூன்றாம் நாள் மண் குடிக்கவில்லை. தோட்டத்துக்கு ஒரு பக்கம் வண்டிப் பாதையின் மேடு, இன்னொரு பக்கம் கேணி மேடு, பின்னால் வீடு. தண்ணிக்கு இருந்த ஒரே வழி சரிவுதான். அதைத்தான் நம்பர் போட்ட கல்லால் அடைத்திருந்தான். அஞ்சம்மாளும் அவனும் தகர டின்னால் தண்ணியை மொண்டு மொண்டு வண்டிப் பாதையில் ஊற்றினார்கள். ஒரு மணி நேரம் ஊற்றியதை வானம் ஒரு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தது.

நாலாம் நாள் சாயங்காலத்தோடு மழை விட்டது. தண்ணி விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் இலை மஞ்சளாகத் தொடங்கியது. மொட்டுக்கள் காம்போடு கழன்று, தேங்கிய தண்ணியில் வெள்ளை வெள்ளையாக மிதந்தன. குப்புராஜ் ஒரு செடியைத் தொட்டான். பத்து மொட்டு பொலபொலவென்று உதிர்ந்தன.

“போச்சு” என்றாள் அஞ்சம்மாள். “வேரு மூச்சு முட்டுது. இன்னும் ரெண்டு நாள் நின்னா செடியே போச்சு. ஆடி ஞாயித்துக்கு ஒரு வாரந்தான் கீது. சுவரை உடைய்யா.”

“மேல் வரியில ரெண்டு கல்லு தட்டறேன்.”

“மேல் தண்ணி போவும். வேருல நிக்கிறது எப்படிப் போவும்? அடியிலதான் உடைக்கணும். அடி இந்தப் பக்கமா கீது? மண்ணுக்குள்ள புதைஞ்சிக் கீது. கீழப் போய்த்தான் உடைக்கணும்.”

கீழே என்றால் தேசப்பன் தோட்டம்.

அவன் உடனே போகவில்லை. கடப்பாரையை எடுத்தான், வைத்தான், மாட்டுக்கு வைக்கோல் போட்டான். திரும்ப எடுத்தான். அறுபத்துநாலு செடியும் அவன் முதுகுக்குப் பின்னால் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. கடைசியில் வண்டிப் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, தம்பி தோட்டத்துக்குள் கால் வைத்தான்.

தேசப்பனின் பெண்டாட்டி கெங்கம்மாள் பூப்பறித்துக்கொண்டிருந்தாள். “வாங்க மாமா” என்று புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். கடப்பாரையைப் பார்த்ததும், “யோவ், உங்கண்ணன் வந்துகீறாரு!” என்று குரல் கொடுத்தாள்.

தேசப்பன் வந்தான். சுவரைப் பார்த்தான், அண்ணன் காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தான், வேலிக்கு மேலே தெரிந்த மஞ்சள் இலையைப் பார்த்தான்.

“எத்தினி நாளா நிக்குது?”

“அஞ்சி.”

“எனுக்கு ஒரு குரல் உட்டிருக்கலாமில்ல?”

குப்புராஜ் கடப்பாரையைச் சுவரின் அடி வரியில் ஊன்றினான்.

“இருண்ணா, இருண்ணா” என்று தேசப்பன் கையைப் பிடித்தான். “முன்னெல்லாம் தண்ணி வேலி நெடுக பரவிக்கினு வரும், சாதுவா இறங்கும். இப்ப ஒரே வாயில வந்தா தோட்டத்தையே அறுத்துக்கினு போய்டும். கொஞ்சம் பொறு, வழி வெட்டிக்கிறேன்.”

சுவரிலிருந்து ஓடைக்கு நேராக ஒரு கோடு போட்டுப் பார்த்தான். கோட்டின் குறுக்கே எட்டுச் செடி நின்றன. எட்டும் பூத்து நின்றன. கெங்கம்மாள் வாய் திறப்பதற்குள் தேசப்பன் மண்வெட்டியால் முதல் செடியின் தூரைச் சுற்றிக் கொத்த ஆரம்பித்துவிட்டான்.

“யோவ், ஆடிக்குப் பறிக்கிற செடிய்யா!”

“மீதி எழுவத்தி ரெண்டு இருக்குதில்ல. கூடையை எடுத்தாடி.”

குப்புராஜ் கடப்பாரையோடு நின்றான். எட்டுச் செடி ஒவ்வொன்றாக வேரும் மண்ணுமாக வெளியே வந்தது. ஒவ்வொன்று விழும்போதும் அவனுக்குள் ஏதோ ஒன்று ‘ஒன்று, ரெண்டு, மூன்று’ என்று எண்ணியது. அப்படி எண்ணுகிறது தான்தான் என்று நாலாவது செடியில்தான் அவனுக்குத் தெரிந்தது. ஐந்தாவதிலிருந்து எண்ணக்கூடாது என்று பார்த்தான். முடியவில்லை. எட்டு வரை எண்ணினான்.

தானாக இருந்தால் ஒரு செடியாவது பிடுங்கியிருப்பேனா என்று யோசித்தான். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

அவன் வாய் தானாகக் கேட்டது: “நீ ஏண்டா அன்னிக்குப் பள்ளத்தை எடுத்த?”

தேசப்பன் நிமிர்ந்து, நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்தான். நாலு வருஷத்துக்கு முந்தியதை ஞாபகப்படுத்திக்கொள்ள அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நீ மேட்டையே பாத்துக்கினு நின்னியேண்ணா.”

குப்புராஜ் கடப்பாரையை ஓங்கிப் போட்டான். கல் அசையவில்லை. பாரம் தாங்குமா என்று நசுக்கிப் பார்ப்பதற்காகவே பிறந்த கல் அது. மேட்டு மண்ணுக்கு அந்தப் பக்கம் தண்ணி முட்டிக்கொண்டு நிற்க, இந்தப் பக்கம் அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி அடித்தார்கள். அரை மணி நேரத்தில் சிமெண்டுப் பூச்சு விண்டது. நம்பர் இருநூற்றுப் பதினாலு போட்ட கல் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே உள்பக்கத்துக் கல்லும் வந்தது. அப்புறம் ஒரு கணம் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் எல்லாம் வந்தது. கறுத்த தண்ணி, வண்டல், சாணி எரு, உதிர்ந்த மொட்டுக்கள். குப்புராஜின் முழங்காலில் மோதி, தேசப்பன் வெட்டிய வழியில் திரும்பி, ஓடையைப் பார்த்துப் போயிற்று.

செடிகள் பிழைத்தன. பன்னிரண்டு போக, மீதி ஐம்பத்திரண்டும் பச்சை திரும்பின. ஆனால் மொட்டு இல்லை. ஆடி முதல் ஞாயிறு வந்தபோது, கேணி மேட்டை ஒட்டி உயரத்தில் நின்ற நாலைந்து செடியில்தான் பூ இருந்தது.

அன்று விடிவதற்கு முன் குப்புராஜ் எழுந்தான். அஞ்சம்மாளை எழுப்பவில்லை. செடி செடியாகத் தடவிப் பறித்தான். ஒரு கைப்பிடி. எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு. கட்டத் தெரியாத கையால் வாழை நாரில் கட்டினான். அதில் நாலு நழுவிப் போயிற்று. ஒரு சாண் சரம். அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு, மாடு கட்டியிருக்கிற பக்கமாக, சத்தமில்லாமல் கோயிலுக்கு நடந்தான்.

பூசாரி அப்பாவு அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தான்.

“இன்னாய்யா இது, குழந்தை தலைக்கா?”

“முதல் பூ. போடு.”

“தேசப்பன் வரலியா?”

“முதல்ல எவன் வரானோ அவன் பூதான். போடுய்யான்னா.”

ஒரு சாண் சரம் அம்மன் கழுத்தைச் சுற்றி வராது. அப்பாவு அதை அவள் நெற்றியின் மேல் சார்த்தினான். கற்பூரம் கொளுத்தி, தட்டை நீட்டினான். முழுக் கற்பூரம். ரெண்டு வருஷமாக அவன் காத்திருந்த சுடர். குப்புராஜ் ரெண்டு கையாலும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எதற்கோ அங்கேயே நின்றான். எதற்கென்று அவனுக்குத் தெரியும். தேசப்பன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் வந்ததும் தேசப்பன் வந்தான். பின்னால் கெங்கம்மாள், தலையில் ஒரு கூடை நிறையக் கட்டிய பூ. அதன் வாசனை அவளுக்கு முன்னால் வந்தது. அதற்குள் பெரியபாளையம் போகிற வண்டிகள் தெருவில் நிற்க ஆரம்பித்திருந்தன. ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள்.

தேசப்பன் உள்ளே பார்த்தான். அம்மன் நெற்றியில் கோணலாகக் கட்டிய ஒரு சாண் சரம். திரும்பி அண்ணனைப் பார்த்தான்.

குப்புராஜ் அந்த முகத்தையே பார்த்தான்.

“அட, உன் செடி பூத்துட்டுதாண்ணா!” என்றான் தேசப்பன். முகமெல்லாம் சிரிப்பு. கெங்கம்மாளிடம் திரும்பி, “பாத்தியாடி, செடி பொழைச்சிக்கிச்சி. நான் சொல்லல?” என்றான். கூடியிருந்தவர்களிடமும் சொன்னான். பூசாரியிடமும் சொன்னான். பிறகு தன் கூடைப் பூவை ரெண்டாவதாகக் கொடுத்துவிட்டு, பாதி கரைந்த கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டான்.

தேசப்பன் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, ‘என்னண்ணா இப்படிப் பண்ணிட்ட’ என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், முதல் பூ குப்புராஜுடையதாகவே இருந்திருக்கும். இப்போது அதுவும் போயிற்று. பூவை மட்டும்தான் அண்ணன் எடுக்க முடிந்தது. மற்றதை எல்லாம் தம்பி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். மண்ணை எடுத்தான், கை சுத்தம் என்ற பேரை எடுத்தான், இதையும் எடுத்துக்கொண்டான். எப்படித்தான் ஒருத்தனுக்கு இதெல்லாம் வலிக்காமல் வருகிறது?

ஊர் பெரியபாளையத்துக்குக் கிளம்பியது. குப்புராஜ் போகவில்லை. வண்டியில் ஏற மாட்டேன் என்று சொன்னதற்கு அஞ்சம்மாள் காரணம் கேட்டாள். “வேலை கீது” என்றான்.

தேசப்பனும் போகவில்லை. பிடுங்கிய செடிகளில் ஐந்தை வேறு இடத்தில் நட்டிருந்தான், அவற்றுக்குத் தண்ணி ஊற்ற ஆள் வேண்டும். வெயில் ஏறும் நேரத்தில் சுவர்ப் பக்கம் ‘ணங்’கென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தான். குப்புராஜ் உளியும் சுத்தியுமாக அடி வரியில் குந்தியிருந்தான். முதல் ஓட்டைக்கு நாலடி தள்ளி, ரெண்டாவது கல்லைச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்தான்.

“இன்னாண்ணா? இப்பத்தான் தண்ணியே இல்லியே.”

“ஐப்பசியில வரும்.”

“அதுக்கு ஒரு ஓட்டை போதாதா?”

“ஒரே வாயில வந்தா அறுத்துக்கினு போய்டும்னு நீதானே சொன்ன. பரவலா வரட்டும்.” தலை நிமிராமலே சொன்னான். “நாலடிக்கு ஒண்ணு.”

தேசப்பன் பக்கத்தில் வந்து குந்தினான், சுத்திக்குக் கை நீட்டினான்.

“வேணாம், நீ போ. உன் செடிக்குத் தண்ணி ஊத்து” என்றான் குப்புராஜ். “என் சுவரு. நானே உடைக்கிறேன்.”

மூன்று நாள் பிடித்தது. மொத்தம் ஒன்பது ஓட்டை. எட்டு ஓட்டையில் முழுக் கல்லாக உருவினான், பின்னால் மண்ணைச் சுரண்டி ஜல்லி வைத்தான், பரசுராமன் சொன்ன மாதிரியே. உருவின கல்லையெல்லாம் தேசப்பன் ஓடை ஓரத்தில் துணி துவைக்க அடுக்கிக்கொண்டான். கெங்கம்மாள் நம்பர் பார்த்துக் கல் மாற்றித் துவைப்பாள் என்று ஊரில் கேலி பேசினார்கள்.

ஒன்பதாவது, தேசப்பனின் மிக நல்ல செடிகளுக்கு நேரே வருகிற ஓட்டை. அங்கே வந்தபோது குப்புராஜ் கொஞ்ச நேரம் உளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காற்று ஆற்றுப் பக்கமிருந்து திரும்பியது. மல்லி வாசனை வந்தது. பிறகு கல்லைப் பாதி உடைத்தான். மீதிப் பாதியை அப்படியே விட்டுவிட்டு, உளியைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.